எந்தக் கோட்டிலிருந்து எண்ணுவது?

2022-ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் பதிவான இறப்புகள் 38,574. அதற்குமுன் எந்த ஆண்டிலும் அந்த நாட்டில் இத்தனை சாவுகள் பதிவானதில்லை. முந்தைய ஆண்டைவிட 3,642 அதிகம். பத்து சதவீதத்துக்கும் மேலான உயர்வு. ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள் வாழும் நாட்டுக்கு இது சிறிய எண் இல்லை.

கொரோனாவைத் திறமையாகச் சமாளித்த நாடு என்று உலகமே பாராட்டிய இடத்திலிருந்து இப்படி ஒரு எண் வந்தால் சும்மா விடுவார்களா? எல்லையை மூடியது வீண், சாவைத் தள்ளிப்போட்டதுதான் மிச்சம் என்றது ஒரு தரப்பு. தடுப்பூசிதான் ஆட்களைக் கொன்றது என்றது இன்னொரு தரப்பு. அரசின் நடவடிக்கைகளை ஆதரித்தவர்கள் 2020-ஆம் ஆண்டைச் சுட்டிக்காட்டினார்கள். உலகம் முழுக்கச் சுடுகாடுகள் நிரம்பிய அந்த ஆண்டில் நியூசிலாந்தில் பதிவான இறப்புகள் 32,613 மட்டுமே. பெருந்தொற்றே இல்லாத 2019-இல்கூட 34,260 பேர் இறந்திருந்தார்கள்.

யாரும் பொய் எண்ணைக் காட்டவில்லை. எல்லாமே அரசுப் புள்ளிவிவரத் துறை வெளியிட்டவை. அப்படியிருந்தும் அவற்றிலிருந்து எதிரெதிரான முடிவுகள் பிறந்தன. எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, ‘மிகை இறப்பு’ என்ற அளவை கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மிகை இறப்பு ஒரு கழித்தல் கணக்கு. உண்மையில் நடந்த இறப்புகளிலிருந்து, பெருந்தொற்று வராமல் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடிய இறப்புகளைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது மிகை. முதல் எண்ணைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிடலாம். இரண்டாவது எண் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நடக்காத ஓர் ஆண்டின் கணக்கு அது. யாராவது உட்கார்ந்து கணித்தால்தான் உண்டு. சண்டை முழுவதும் அந்த இரண்டாவது எண்ணைச் சுற்றித்தான்.

இவ்வளவு சிக்கலான அளவு எதற்கு, கொரோனாவால் இறந்தவர்களை நேரடியாக எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். எண்ணத்தான் செய்தார்கள். 2021 மே 31 அன்று பெரு நாடு தன் கொரோனா இறப்புக் கணக்கைத் திருத்தியது. அதுவரை 69,342 என்று சொல்லிவந்த அரசு, ஒரே நாளில் அதை 1,80,764 ஆக்கியது. புதிதாக யாரும் இறந்துவிடவில்லை. பரிசோதனை செய்யப்படாமலே வீட்டிலும் மருத்துவமனை வாசலிலும் இறந்தவர்களை அப்போதுதான் கணக்கில் சேர்த்தார்கள். பரிசோதனை வசதி எவ்வளவோ அவ்வளவுதான் கொரோனாச் சாவு என்றால், ஏழை நாடுகளெல்லாம் காகிதத்தில் நலமாக இருக்கும்.

பதிவுகள் ஒழுங்காக இருக்கும் நாட்டில்கூட இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். 2022 மார்ச் மாதம், ஒமைக்ரான் அலை உச்சத்தில் இருந்தபோது, நியூசிலாந்து ஒரு விதியைக் கொண்டுவந்தது. கொரோனா உறுதியாகி 28 நாட்களுக்குள் யார் இறந்தாலும், காரணம் எதுவானாலும், அந்த இறப்பு தினசரி அறிக்கையில் சேரும். சாலை விபத்தில் இறந்தவரும் சேருவார். சில மாதங்கள் கழித்து, ‘கொரோனா காரணமான இறப்பு’ என்று தனியாகப் பிரித்துச் சொல்லத் தொடங்கினார்கள். தலைப்புச் செய்திகளில் வந்த எண் விதிக்கேற்ப மாறியது, இறந்தவர்கள் மாறவில்லை.

மொத்த இறப்பில் இந்தத் தகராறுக்கு இடமில்லை. ஒருவர் இறந்தாரா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. 19-ஆம் நூற்றாண்டில் லண்டனின் பதிவுத் துறையில் வேலை பார்த்த வில்லியம் ஃபார், 1847-ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சாவை இந்த வழியில்தான் அளந்தார். சான்றிதழில் மருத்துவர் என்ன எழுதினார் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, வழக்கத்தைவிட எத்தனை பேர் அதிகம் இறந்தார்கள் என்று பார்த்தார். அன்றிலிருந்து முறையின் எலும்புக்கூடு மாறவில்லை. ‘வழக்கம்’ என்றால் என்ன என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

நியூசிலாந்தின் பதிவேடு இந்தக் கணக்குக்கு ஏற்ற பதிவேடு. இறந்தவரை அடக்கம் செய்த அல்லது எரித்த மூன்று வேலை நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரும்பாலும் இறுதிச்சடங்கை நடத்திக்கொடுக்கும் நிறுவனமே அந்த வேலையை முடித்துவிடும். சந்தேக மரணமென்று மரண விசாரணை அதிகாரியிடம் போகும் வழக்குகள் கொஞ்சம் இழுக்கும். மற்றபடி எண்களில் ஓட்டை மிகக் குறைவு. ஆகவே நடந்த இறப்பு எவ்வளவு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எதிர்பார்த்த இறப்பு எவ்வளவு என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகமுடியும் என்று பார்க்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

பெருந்தொற்றுக்கு முந்தைய ஐந்தாண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். 2015-இல் 31,608. 2016-இல் 31,179. 2017-இல் 33,339. 2018-இல் 33,225. 2019-இல் 34,260. ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 32,722 வரும். பத்திரிகைகள் பலவும் பின்பற்றிய எளிய வழி இதுதான்: அந்தச் சராசரியை ‘வழக்கம்’ என்று வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டையும் அதோடு ஒப்பிடுவது. அப்படிச் செய்தால் 2020-இல் 109 குறைவு. 2021-இல் 2,210 மிகை. 2022-இல் 5,852. 2023-இல் 37,884 பேர் இறந்ததால் மிகை 5,162. நான்காண்டுகளையும் கூட்டினால் 13,000-க்கும் மேல். ஐம்பது லட்சம் பேர் கொண்ட நாட்டில் இது பெரும் சோகம். மேலே சொன்ன இரு தரப்பினரும் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அதே ஐந்து எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 31 ஆயிரத்தில் தொடங்கி 34 ஆயிரத்தில் முடிகின்றன. அவை ஏறிக்கொண்டிருக்கின்றன. வளரும் பையனுக்குக் கடந்த ஐந்து வருட அளவின் சராசரியில் பள்ளிச் சட்டை தைத்துவிட்டு, பையன் திடீரென்று வீங்கிவிட்டான் என்று மருத்துவரிடம் ஓடுவதைப் போன்றது சராசரிக் கணக்கு. ஐந்து புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோடு போட்டால் ஆண்டுக்குச் சுமார் 735 இறப்புகள் வீதம் அது ஏறுவது தெரியும். அந்தக் கோட்டை அப்படியே முன்னால் நீட்டினால் 2020-இல் எதிர்பார்க்க வேண்டியது 34,927, 2021-இல் 35,662, 2022-இல் 36,397, 2023-இல் 37,132.

இப்போது கழித்துப் பார்க்கலாம். 2020-இல் 2,314 பேர் குறைவாக இறந்திருக்கிறார்கள். 2021-இல் 730 குறைவு. 2022-இல் 2,177 மிகை. 2023-இல் 752 மிகை. நான்கையும் கூட்டினால் சுழியத்துக்குக் கீழே சுமார் 115.

ஒரே பதிவேடு, ஒரே பள்ளிக்கூடக் கணிதம். ஒரு கோட்டிலிருந்து எண்ணினால் பதின்மூன்றாயிரம் பேர் அதிகம் இறந்திருக்கிறார்கள். இன்னொரு கோட்டிலிருந்து எண்ணினால் நூற்றுச் சொச்சம் பேர் குறைவாக இறந்திருக்கிறார்கள்.

இரண்டாவது கோட்டுக்கு உலக அளவில் ஒரு பெயருண்டு. இஸ்ரேலைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர் ஏரியல் கார்லின்ஸ்கியும் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் பணிபுரியும் டிமிட்ரி கோபாக்கும் 2021-இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் இறப்புப் பதிவுகளைத் திரட்டி வெளியிட்ட தரவுத்தொகுப்பு இந்த முறையில்தான் கணக்கிட்டது. 2015 முதல் 2019 வரை ஒரு நேர்கோடு; அதை நீட்டிப் பார்ப்பது. எளிமையானது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்பதுதான் அதன் பலம்.

கோடு ஏன் ஏறுகிறது? நியூசிலாந்தில் மருத்துவம் மோசமாகிக்கொண்டிருந்தது என்று பொருளில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருங்கூட்டம் எழுபதுகளின் வயதை எட்டிவிட்டது. மக்கள்தொகையும் கூடுகிறது. எண்பது வயதுக்காரர் ஒவ்வொருவரும் முந்தைய தலைமுறை எண்பதுக்காரரைவிட ஆரோக்கியமாக இருந்தாலும், எண்பது வயதுக்காரர்கள் எண்ணிக்கையில் பெருகினால் சாவு கூடும். பெருந்தொற்று வந்தாலும் வராவிட்டாலும் 2022-இல் இறப்புகள் 2019-ஐவிட அதிகமாகத்தான் இருந்திருக்கும். சராசரியை வைத்து எழுதப்பட்ட செய்திகள் இந்த முதுமையையும் கொலைக் குற்றப்பத்திரிகையில் சேர்த்துவிட்டன.

ஆனால் நேர்கோடும் கல்வெட்டு இல்லை. ஐந்தே புள்ளிகள்; ஒன்றை நகர்த்தினால் கோடு சாய்ந்துவிடும். 2015-ஐ விட்டுவிட்டு 2016-இலிருந்து நான்கு புள்ளிகளை மட்டும் எடுத்தால் ஏற்றம் ஆண்டுக்கு 735-இலிருந்து 913 ஆகிவிடுகிறது. அந்தக் கோட்டின்படி நான்காண்டு மொத்தம் சுழியத்துக்குக் கீழே 2,600. ஓர் ஆண்டைச் சேர்ப்பதா விடுவதா என்ற முடிவிலேயே இரண்டரை ஆயிரம் உயிர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடுகின்றன. காரணம் 2016. அந்த ஆண்டு இறப்பு குறைவு. அடுத்த ஆண்டு 2,160 கூடியது, ஏழு சதவீதத்தை ஒட்டிய உயர்வு. பெருந்தொற்று ஏதுமில்லாத சாதாரண 2017 அது. யாரும் அதைப் பற்றிக் கட்டுரை எழுதவில்லை. நேர்கோட்டுக் கணக்கில் 2022-க்குக் கிடைத்த மிகை 2,177 என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த விவாதத்தின் உண்மையான அளவு புரியும்.

கோடு சறுக்கிவிழும் ஆபத்து சிறிய நாடுகளுக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குமான உலக மிகை இறப்பு 1.49 கோடி என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஜெர்மனியின் மிகை 1,95,000 என்று இருந்தது. ஜெர்மானியப் புள்ளியியலாளர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். வளைந்து கொடுக்கும் ஒரு வளைகோட்டை நிறுவனத்தின் ஆய்வுக்குழு பயன்படுத்தியிருந்தது. ஜெர்மனியில் 2018-ஐவிட 2019-இல் இறப்பு குறைந்திருந்ததால், வளைகோடு அந்தக் கடைசிப் புள்ளியைப் பின்பற்றிக் கீழ்நோக்கித் திரும்பி, அப்படியே சரிந்துகொண்டு போய்விட்டது. எதிர்பார்ப்பு தாழ்ந்ததால் மிகை உயர்ந்தது. குழுவை வழிநடத்திய ஜோனத்தன் வேக்ஃபீல்டு பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினார். புதிய எண் 1,22,000. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ‘மிகை’ ஜெர்மானியர்கள் ஒரு கோட்டின் வாலில் மட்டுமே இறந்திருந்தார்கள்.

நியூசிலாந்துக்குத் திரும்புவோம். 2020-இன் பள்ளம் எந்தக் கோட்டை வைத்துப் பார்த்தாலும் மறையவில்லை. சராசரியை வைத்தாலும் குறைவு, நேர்கோட்டை வைத்தாலும் குறைவு. ஏன்?

அந்த ஆண்டு மார்ச் 19 அன்று அந்த நாடு வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தியது. ஒரு வாரத்துக்குள் கடுமையான ஊரடங்கு வந்தது. கொரோனா வைரஸைத் தடுக்கப் போட்ட வேலியில் மற்ற வைரஸ்களும் மாட்டிக்கொண்டன. நியூசிலாந்தின் குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இன்ஃப்ளூயன்சா பருவமும் அதுதான். வடக்கிலிருந்து பயணிகளோடு வந்திறங்கும் ஃப்ளூ அந்த ஆண்டு வந்திறங்க விமானமே இல்லை. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இன்ஃப்ளூயன்சா 99.9 சதவீதம் குறைந்தது என்று நோய்க் கண்காணிப்பு ஆய்வொன்று பின்னர் பதிவு செய்தது. சாதாரண ஆண்டில் ஃப்ளூவோடு தொடர்புடைய சாவுகள் அங்கே ஐந்நூறு அளவுக்கு இருக்கும் என்பது மதிப்பீடு. ஃப்ளூ ஒரு நோயாளியைத் தனியாகக் கொல்வது குறைவு. ஏற்கெனவே இதயம் பலவீனமானவரை, நுரையீரல் தேய்ந்தவரைத் தள்ளிவிடும். சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கும். ஆகவே ஃப்ளூ இல்லாத குளிர்காலத்தில் ‘மாரடைப்பு’களும் குறைந்தன. ஃபார் சான்றிதழ்களை நம்பாமல் மொத்தத்தை எண்ணியதன் நியாயம் இங்கே தெரிகிறது.

இங்கேதான் ‘சாவைத் தள்ளிப்போட்டார்கள்’ என்பவர்களின் வாதத்தில் ஒரு பாதி உண்மை ஒளிந்திருக்கிறது. 2020-இன் குளிர்காலத்தைத் தாண்டிவிட்ட தொண்ணூறு வயதுப் பாட்டி சிரஞ்சீவி ஆகிவிடவில்லை. அவரைப் போன்றவர்கள் சிலர் 2021-இலும் 2022-இலும் இறந்திருப்பார்கள். நலிந்தவர்களின் எண்ணிக்கை ஓர் ஆண்டு குறையாமல் போனால் அடுத்த ஆண்டுகளில் அது கூடித் தெரியும். ஸ்வீடனில் இதன் மறுபக்கம் பேசப்பட்டது. 2019-இல் அங்கே இறப்பு வழக்கத்துக்கு மாறாகக் குறைவு. 2020-இன் உயர்வில் ஒரு பங்கு அந்தக் குறைவின் பாக்கி என்றார்கள் சிலர். ஒருவருக்கு ஓராண்டோ ஈராண்டோ கூடுதலாக வாழக் கிடைத்ததை ‘வீண்’ என்று எழுதுபவர் அந்தப் பாட்டியிடம் நேரில் சொல்லிப் பார்க்கட்டும்.

2021-இன் இறுதி வரை நியூசிலாந்தில் கொரோனாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர்தான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் 90 சதவீதத்தினர் அந்த டிசம்பருக்குள் இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். 2022-இன் தொடக்கத்தில் ஒமைக்ரான் உள்ளே நுழைந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரே நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொற்றுகள். படிப்படியாக எல்லை திறந்தது. ஃப்ளூவும் ஈராண்டு விடுமுறைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியது. குளிர்காலத்தில் இரண்டும் சேர்ந்து அடித்தன. அந்த ஆண்டில் கொரோனாவே காரணம் என்று பதிவான சாவுகள் மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டின. நேர்கோட்டுக் கணக்கின் 2,177-ஐ விளக்க வேறு மர்மம் எதையும் தேட வேண்டியதில்லை.

தடுப்பூசிக் குற்றச்சாட்டை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் போதும். ஊசி போடும் வேலை பெருமளவு நடந்தது 2021-இன் பிற்பாதியில். அப்போது நாட்டில் கொரோனா பரவலாக இல்லை. ஆனால் ஊசி இருந்தது. ஊசி கொல்வதென்றால் அந்த ஆண்டின் எண்ணில் அது தெரிந்திருக்க வேண்டும். நேர்கோட்டை வைத்துப் பார்த்தால் 2021 பள்ளத்தில்தான் கிடக்கிறது. மேடு வந்தது வைரஸ் வந்த பிறகு.

2023-இன் இறுதியில் நலத்துறை ஊழியர் ஒருவர் தடுப்பூசித் தரவுகளை வெளியே கொண்டுவந்தார். சில மையங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும் பங்கினர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி உலகம் சுற்றியது. முதியோர் இல்லத்தில் ஊசி போட்டால் அந்த ‘மைய’த்தின் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள். ஈராண்டு கழித்துப் பார்த்தால் அவர்களில் பலர் இருக்க மாட்டார்கள். ஊசியே போடாத முதியோர் இல்லத்திலும் அப்படித்தான். எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்லிவிட்டு, அதே வயதில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது, கழித்தல் கணக்கின் இரண்டாவது எண்ணைச் சத்தமில்லாமல் சுழியமாக்குவது.

சிறிய நாடு என்பதற்காகவே வரும் தொல்லை ஒன்று உண்டு: எண்களின் இயல்பான நடுக்கம். 2019-இல் நியூசிலாந்தில் வாரத்துக்குச் சராசரியாக 660 பேர் இறந்தார்கள். எந்த விசேஷக் காரணமும் இல்லாமல், வெறும் தற்செயலால், இந்த எண் எவ்வளவு ஆடும் என்பதற்கு ஒரு கட்டைவிரல் விதி: எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டுபிடித்து இரண்டால் பெருக்குங்கள். 660-இன் வர்க்கமூலம் சுமார் 26. ஆக ஐம்பது கூடினாலும் குறைந்தாலும் அது செய்தியே இல்லை. எட்டு சதவீத ஆட்டம் சும்மாவே வரும். ஐஸ்லாந்தில் மக்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு, பெருந்தொற்றுக்கு முன் ஆண்டுக்கு 2,300 இறப்புகளை ஒட்டி இருந்தன. வாரத்துக்கு 44. வர்க்கமூலம் ஆறேமுக்கால் வராது. அதன் இரண்டு மடங்கு 13. அதாவது முப்பது சதவீதம். ‘ஐஸ்லாந்தில் இந்த வாரம் இறப்பு 25 சதவீதம் உயர்வு’ என்று தலைப்பைப் படித்தால் தேநீரை ஆறவிடாமல் குடித்து முடிக்கலாம்.

அந்த விதிகூட இறப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடக்கின்றன என்று வைத்துக்கொண்டு போடப்பட்டது. உண்மையில் ஒரு குளிர் அலை, ஒரு ஃப்ளூப் பருவம் பலரைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். அதனால் ஆட்டம் விதி சொல்வதைவிடப் பெரிது. 2016-இலிருந்து 2017-க்கு எகிறியதைப் பார்த்தோமே, அதுதான் சாட்சி. 2011 பிப்ரவரியில் கிரைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேர் மாண்டார்கள். நாடே துக்கம் அனுசரித்தது. ஆனால் அந்த ஆண்டின் முப்பதாயிரம் இறப்புகளுக்குள் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆண்டு வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அப்படி ஒரு நாள் வந்ததே தெரியாது.

இந்த நடுக்கத்தை வைத்து வியாபாரம் செய்வது சுலபம். மொத்த எண்ணில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதைத் துண்டு போடலாம்: முப்பதுகளில் உள்ள ஆண்கள், வடக்குத் தீவில் நாற்பதைத் தாண்டிய பெண்கள், இந்தக் காலாண்டு, அந்த மாதம். துண்டு சிறிதாக ஆக நடுக்கம் பெரிதாகும். இருபது துண்டுகள் போட்டால் ஒன்றாவது தற்செயலாகவே அதிர்ச்சி தரும் எண்ணைக் காட்டும். அதை மட்டும் எடுத்துப் பகிர்ந்தால் போதும். வாரக் கணக்கை நம்பி ஆண்டுக் கணக்கைக் கூட்டுபவருக்கு இன்னொரு பொறியும் காத்திருக்கிறது. பன்னாட்டு நாட்காட்டி முறைப்படி 2020-இல் 53 வாரங்கள். கவனிக்காமல் எல்லா வாரத்தையும் கூட்டினால் 600-க்கும் மேற்பட்ட ‘மிகை’ சாவுகள் காலண்டரிலிருந்தே பிறந்துவிடும்.

மக்கள்தொகையும் சும்மா நிற்கவில்லை. எல்லை மூடியிருந்தபோது புதிதாகக் குடியேறுவோர் வரத்து நின்றுபோனது. 2023-இல் மடை திறந்தாற்போல ஒரே ஆண்டில் நிகரமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் வேலைக்கு வரும் இளைஞர்கள். அவர்கள் சாவுக் கணக்கில் சேர்வது அரிது. ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்ற விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு 2023-இல் நாடு திடீரென்று ஆரோக்கியமாகிவிட்டதுபோலத் தோன்றும். அதனால்தான் பொறுப்பான ஆய்வாளர்கள் வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியே எதிர்பார்ப்பைப் போட்டு, பிறகு கூட்டுகிறார்கள். கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் கணிதவியலாளர் மைக்கேல் பிளாங்கும் சகாக்களும் இப்படிச் செய்த விரிவான கணக்கிலும் 2020 முதல் 2023 வரையிலான மொத்தம் எதிர்பார்ப்பை ஒட்டியே வந்தது. அமெரிக்காவில் மிகை இறப்பு பத்து லட்சத்தைத் தாண்டியது. அதே விகிதத்தில் நியூசிலாந்து இழந்திருந்தால் எண் பதினைந்தாயிரத்துக்கும் மேல் போயிருக்கும். அந்த அளவு இழப்பு எந்தக் கோட்டை வளைத்தாலும் மறைந்திருக்காது.

மொத்த எண் சுழியத்தை ஒட்டியது என்பதால் எல்லாருக்கும் சமமாக நடந்தது என்று ஆகிவிடாது. பூர்வகுடி மவோரி மக்களின் இடைநிலை வயது 2018 கணக்கெடுப்பில் 25 சொச்சம். நாட்டின் மொத்த இடைநிலை வயது 37. இளைய சமூகம் என்பதால் அவர்களின் கொரோனாச் சாவு எண்ணிக்கையில் குறைவாகத் தெரியும். வயதைச் சரிசெய்து ஒப்பிட்டால் மற்றவர்களைவிட அவர்கள் அதிகம் இழந்தார்கள். இது புதிய கதையும் இல்லை. 1918-இன் இன்ஃப்ளூயன்சா நியூசிலாந்தில் இரண்டே மாதங்களில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைக் கொன்றபோது, மவோரிகளின் இறப்பு விகிதம் ஐரோப்பிய வம்சாவளியினரைப் போல எட்டு மடங்கு.

அதே ஆண்டு நவம்பரில் ஆக்லாந்திலிருந்து ‘டாலூன்’ என்ற கப்பல் நோயாளிகளோடு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. அப்போது மேற்குச் சமோவா நியூசிலாந்தின் ராணுவ நிர்வாகத்தில் இருந்தது. கப்பலைத் தனிமைப்படுத்தாமல் அனுமதித்தார்கள். சுமார் 8,500 பேர், மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், மடிந்தார்கள். பக்கத்திலேயே அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கடுமையான தனிமைப்படுத்தலைக் கொண்டுவந்தார். அங்கே ஃப்ளூவால் ஒருவரும் இறக்கவில்லை. 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காணக் கோடும் தேவையில்லை, வர்க்கமூலமும் தேவையில்லை. புள்ளியியல் நுணுக்கங்கள் தேவைப்படுவதே சேதம் சிறிதாக இருக்கும்போதுதான். நியூசிலாந்து தன் இரண்டு சதவீத, ஆறு சதவீத மிகைக்காகச் சண்டை போடுவது ஒருவகையில் கொடுத்துவைத்தவர்களின் சண்டை.

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, கடினமாகிக்கொண்டுதான் போகிறது. 2019-இலிருந்து விலக விலக, நீட்டிய கோட்டின்மேல் நம்பிக்கை குறைகிறது. 2023-க்குக் கிடைத்த 752 தொடரும் கொரோனாவின் சேதமா, கோடு மெல்லத் தவறிப்போவதா என்று இந்த எளிய கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகம் 2024 பிப்ரவரியில் தன் முறையையே மாற்றிக்கொண்டது. ஐந்தாண்டுச் சராசரியைக் கைவிட்டு, முதுமையையும் மக்கள்தொகைப் பெருக்கத்தையும் கணக்கில் சேர்த்தது. அந்த நாட்டின் 2023-ஆம் ஆண்டு மிகை இறப்பு பழைய முறையில் 31,442. புதிய முறையில் 10,994. அடுத்து வரும் கேள்வி இன்னும் சங்கடமானது. புதிய கோடு போட வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆனால் 2019-க்குப் பின் கையில் இருக்கும் ஆண்டுகளில் பெரும்பாலானவை பெருந்தொற்றுக் காலத்தவை. 2020-ஐச் சேர்த்தால் நியூசிலாந்தின் கோடு தாழும். 2022-ஐச் சேர்த்தால் உயரும். இரண்டையும் விட்டால் மிஞ்சும் புள்ளிகள் போதாது.